வீடு திரும்பிய தாய்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



குழந்தை பிறந்த செய்தி கேட்டதும் காலனியில் இனிப்பு வழங்குகிறோம். தாய் வீடு திரும்பியதும் எல்லாம் நலமாக முடிந்தது என்று கருதிவிடுகிறோம். அக்கருத்துப் பிழையென்பதை நாங்கள் பட்டறிந்தே கூறுகிறோம்.

எங்கள் இரண்டாம் மகவு பிறந்த ஐந்தாம் நாள் மாலை என் மனைவிக்குக் குளிர்சுரம் கண்டது. பால் கட்டியதால் வந்த சுரம் என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் கொடுத்து ஓர் இரவைக் கழித்துவிட்டோம். மறுநாள் மருத்துவர், கருப்பையில் கிருமி பற்றியிருக்கிறது என்றும், மேலும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றும் கூறினார். மருத்துவமனையில் தந்த சீட்டு அலமாரியில் மடித்தபடியே கிடந்தது. நாள் முழுதும் பிறர் காகிதங்களைப் படித்துக் குறிப்பெழுதும் நாங்கள், அந்த ஒரு காகிதத்தைப் படிக்கத் தவறினோம்.

ஆதலின், வீட்டிற்குப் புறப்படுமுன்னரே அச்சீட்டைப் படித்து ஐயங்களைக் கேட்டறிதல் வேண்டும். 100.4 டிகிரியும் அதற்கு மேலுமான சுரம், ஒரு மணி நேரத்தில் துணி முழுதும் நனையும் உதிரப்போக்கு, துர்நாற்றம், கடுந்தலைவலியோடு கண் மங்கல், வலிப்பு, ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும், மூச்சுத் திணறல் இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திராது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பது தவறு. பாலூட்டும் தாய்க்கு நீரும், பருப்பும், கீரையும், முட்டையும், மீனும் வேண்டியவையே. இரும்புச் சத்து மாத்திரையைப் பேற்றுக்குப் பின்னும் 180 நாள் உட்கொள்ளுமாறு அரசுத் திட்டம் வகுத்துள்ளது. ஆறாம் வாரப் பரிசோதனையையும் தவிர்க்கலாகாது. இரண்டு வாரம் கடந்தும் தாய் காரணமின்றி அழுதால் அதனைப் பிடிவாதம் என்று ஏசாதீர்கள். அதுவும் மருத்துவம் வேண்டும் நோயாகலாம்.

ஊரில் பெரியம்மாவும் அத்தையும் சூழ இருப்பர். இங்கோ, ஊரிலிருந்து வரும் தாயாருக்கு ரயிலில் இடம் கிடைக்கவே நாளாகும். முதல் இரு குழந்தைகளுக்கு ரயில்வே ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. அதனை வீட்டில் துணையாயிருந்தே கழியுங்கள். அடுத்த வீட்டார் முறைவைத்து ஒருவேளைச் சோறு அனுப்பினால், அத்தாய் ஒரு மணி நேரமாவது உறங்குவாள்.

தொட்டிலைக் காணச் செல்லும்போது, தாயையும் நலம் கேட்டு வாருங்கள்.