ஸ்டேஷன் ரோடு காபிக் கடையும் நம் வாசல் கடையும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

தண்ணீர் லாரி, லிஃப்ட் கணக்கெல்லாம் செயலாளர் சொல்லிவிட்டார். நான் பேச வந்தது காபிக் கடையைப் பற்றி. சிரிக்காதீர்கள்.

குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் நம்மில் பாதிப் பேர் தினமும் நின்ற கடை அது. போன மாதம் ஒரு திங்கட்கிழமை ஷட்டர் திறக்கவில்லை. ஒரு துண்டுத் தாள்கூட ஒட்டவில்லை. பையை மாட்டிக்கொண்டு இருபது பேர் நின்றோம். "மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையோ?" என்றார் ஒருவர். பீச் வண்டி வருகிற சத்தம் கேட்டது, எல்லோரும் ஓடிவிட்டோம்.

அந்த மாஸ்டருக்கு நம் பெயர் தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்தே சர்க்கரை கம்மியா, ஸ்ட்ராங்கா என்று தெரியும். சிக்கரி கூடினால் நிறம்தான் வரும், மணம் வராது என்பார். விடியற்காலை நாலரைக்கு அந்தத் தெருவில் எரிந்தது அந்த ஒரு விளக்குதான். நைட் டியூட்டி முடித்து வரும் நம் பிளாக் பெண்கள் ஆட்டோ வரும்வரை அங்கேதான் நிற்பார்கள். இப்போது இருட்டில் நிற்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து மாஸ்டரை ஸ்டேஷன் பெஞ்சில் பார்த்தேன், பக்கத்தில் துணிப்பை. "ராத்திரி பத்து மணிக்கு வந்து, காலையில கடை கிடையாதுன்னு சொல்லிட்டாங்க சார்" என்றார். அவருக்குக் கடை மாடியில்தான் படுக்கை. வேலையோடு படுக்க இடமும் போயிற்று.

காரணம், வாடகைத் தகராறு. பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்து, புதுப்பிக்காமலே ஓடியிருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் போட்டால் பதிவுச் செலவு என்று நாம் எல்லோரும் பழகிய வழிதானே அது! தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். காலி செய்யச் சொல்லவும் வாடகை நீதிமன்றம் இருக்கிறது. கடைக்காரர் நல்ல மனிதர், காகித விஷயத்தில் மட்டும் சோம்பல்.

இனி நம் விஷயம். ஜெராக்ஸ் கடை போனபின் நம் வாசல் கடை காலியாகக் கிடக்கிறது. மொபைல் கடைக்காரர் ஒருவர் கேட்கிறார், நம் மாஸ்டரும் கேட்கிறார். மொபைல் கடை மாதம் 4,800 ரூபாய் கூடுதலாகத் தரும். பெயின்ட் வேலை பாக்கி இருப்பதால் கமிட்டி அந்தப் பக்கம் சாய்வது புரிகிறது. ஆனால் 64 வீட்டுக்கும் பிரித்தால் வீட்டுக்கு 75 ரூபாய். அந்தக் கடையில் நாலு காபி அதைவிட அதிகம்.

கேட் முன்னால் பைக் நிற்கும், குப்பை சேரும் என்கிறீர்கள். நியாயம்தான். ஸ்டேஷன் ரோட்டில் பைக் தொல்லை என்று போன வருடம் எழுதிய புகாரில் நானும் கையெழுத்துப் போட்டவன். அதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதுவோம். மூன்று வருடம், முறையாகப் பதிவு, எந்தப் பக்கம் விலகினாலும் மூன்று மாத முன்னறிவிப்பு. சிலிண்டர் வைக்கும் இடத்தை முதலிலேயே காட்டிவிடுவோம்.

மாஸ்டர் இப்போது பல்லாவரத்தில் மச்சான் அறையில் இருக்கிறார். மாதக் கடைசிவரை காத்திருப்பாராம், அப்புறம் ஊருக்குப் போய்விடுவார். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு ஹாலில் ஓட்டெடுப்பு. வர முடியாதவர்கள் சனிக்கிழமைக்குள் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.