பழமை தடையல்ல, துணையே!



"பழசைக் கட்டிக்கிட்டு அழுதா ஊரு முன்னேறாது, ஜப்பான்காரனைப் பாருங்க"ன்னு எதிரணித் தலைவர் சொன்னார். பார்த்துருவோம் ஐயா! அதே ஜப்பானுக்கே போவோம்.

தோக்கியோவுக்கு மேற்கே குனிடாச்சின்னு ஒரு புறநகர். பேர் வந்த கதையே அழகு. ஒரு பக்கம் கொக்குபுஞ்சி ஸ்டேஷன், மறுபக்கம் டாச்சிகாவா ஸ்டேஷன். ரெண்டு பேரிலும் முதல் எழுத்தை எடுத்துச் சேர்த்தார்கள், குனிடாச்சி ஆயிருச்சு. பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது சம்பந்திகள் இப்படி ஒத்துப்போனா எவ்வளவு நல்லா இருக்கும்! (சிரிப்பு)

1923-ல் பெரிய பூகம்பம். தலைநகரில் இருந்த வணிகப் பல்கலைக்கழகம் சேதமாகி, இந்தப் பக்கம் இடம் மாறியது. காடாகக் கிடந்த நிலத்தில் ஊரைத் திட்டமிட்ட நிறுவனமே ஸ்டேஷனையும் கட்டிக் கொடுத்தது. 1926-ல் திறந்தார்கள். முக்கோணமாய்ச் சிவப்புக் கூரை, அரைவட்ட ஜன்னல், மரக் கட்டிடம். ஊரே அந்த வாசலிலிருந்துதான் வளர்ந்தது ஐயா.

இப்போ எதிரணி கேட்கும் கேள்விக்கு வர்றேன். அந்தப் பாதையில் காலையில் ரயிலுக்குப் பின்னாலேயே ரயில். லெவல் கிராஸிங் கேட் மூடினா சுலபத்தில் திறக்காது. 'திறக்காத கேட்'னே அந்த ஊர்க்காரங்க பேர் வச்சாங்க. ஆம்புலன்ஸ் வந்தாலும் நிக்கணும். அதனாலே பாதையை மேலே தூக்கியே ஆகணும். ஒத்துக்கிறேன். கட்டிடமா, உயிரான்னு கேட்டா உயிர்தான் முக்கியம். நான் மறுக்கலை.

ஆனா அவங்க என்ன செஞ்சாங்க? இடிச்சாங்களா? இல்லை ஐயா! 2006-ல் அந்தக் கட்டிடத்தை நகரத்தின் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்து, மரச் சட்டங்களைக் கழற்றி, பத்திரமாக எடுத்து வச்சாங்க. 2010-க்குள் பாதை உயர்ந்தது; மித்தாக்காவிலிருந்து டாச்சிகாவா வரைக்கும் 18 கேட்டுகள் ஒழிந்தன. வளர்ச்சி நின்னுச்சா? நிக்கலையே!

அப்புறம் பொதுமக்களும் நன்கொடை கொடுக்க, 2020-ல் ஏறத்தாழ பழைய இடத்திலேயே, பழைய மரங்களில் பெரும்பகுதியை வைத்தே, அதே சிவப்புக் கூரையை எழுப்பினார்கள். (கைதட்டல்)

"அங்க இப்போ டிக்கெட் கிடையாதே, அப்புறம் எதுக்கு அது?"ம்பார் எதிரணி நண்பர். உண்மைதான், ரயில் ஏற வேண்டியது புது ஸ்டேஷனில். பழையது ஊர் மக்கள் கூடுகிற இடம். நான் ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். விடிகாலையில் கிளம்பி, ராத்திரி களைச்சுப்போய் இறங்குகிற மனுஷனுக்கு, எந்த ஸ்டேஷனும் ஒரே மாதிரி கான்கிரீட்டா இருந்தா, இது நம்ம ஊருன்னு எது சொல்லும்? அந்தச் சிவப்புக் கூரை சொல்லும் ஐயா, "வந்துட்டியா?"ன்னு கேட்கும்.

கேட்டை ஒழிக்கத் தெரிந்தது அறிவு. கூரையைக் கழற்றி வைத்து, 14 வருஷம் காத்திருந்து, திரும்ப மாட்டத் தெரிந்தது மனசு. அறிவும் மனசும் சேர்ந்ததுதான் வளர்ச்சி. எனவே பழமையைக் காப்பது வளர்ச்சிக்குத் துணையே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.