ஏலம் முதலில், கேள்வி பிறகு



மதுரை மாவட்டத்தில், மேலூர்ப் பக்கம் இருக்கிறது அரிட்டாபட்டி. சமணர் படுகை, தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, மழைநீரைத் தேக்கும் கண்மாய்கள், வல்லூறுகள் வாழும் பாறைக்குன்றுகள் எல்லாம் உள்ள ஊர். 2022 நவம்பரில் இங்கே 193 ஹெக்டேர் பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. மாநிலத்திலேயே அதுதான் முதலாவது.

சரியாக இரண்டு ஆண்டு கழித்து, அந்தத் தலத்தின் ஒரு பகுதியையும் சேர்த்து, சுமார் 2,000 ஹெக்டேரில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. எங்களை யார் கேட்டார்கள் என்று ஊர்க்காரர்கள் கொதித்தார்கள்.

யாரும் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தில் கேட்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தை 2023-இல் திருத்தி, டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசே எடுத்துக்கொண்டது. சுற்றுச்சூழல் அனுமதியோ, ஏலம் எடுத்தவர் பிற்பாடு வாங்க வேண்டியது. நிச்சயதார்த்தத்தை முடித்துவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்கிற கதைதான்.

அந்த அனுமதிக்கான 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையில் அருமையான ஓர் ஏற்பாடு உண்டு: பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். 30 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். திட்டம் வரும் இடத்திலோ பக்கத்திலோ நடத்த வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை ஏற்க வேண்டும். பேசுவது அத்தனையும் வீடியோவில் பதிவாகும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கும் கிடையாது; பத்துப் பேர் வந்தாலும் கூட்டம்தான்.

அரிட்டாபட்டி விவகாரம் அதுவரை போகவில்லை. கிராம சபைகள் எதிர்த்தன. டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர் வட்டார மக்கள் மதுரைக்குப் பேரணியாகத் திரண்டார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. என்னைக் கேட்டால், அந்தக் குன்றுகளைக் காத்தது மக்களின் பேரணிதான். சட்டப் பிரிவு எதுவும் அல்ல.

அதோடு முடியவில்லை. 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு. டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நாட்டுக்கு இந்தக் கனிமங்கள் தேவைதான், மறுக்கவில்லை. அதற்காக, நிலத்தை இழக்கப்போகிறவர் பேசச் சட்டம் தந்திருந்த மேடையைப் பிடுங்குவது நியாயமில்லை. அந்த விலக்கை அரசு திரும்பப் பெற வேண்டும்.