காடு காணும் பயணமும் காட்டோர மக்களும்

(பெங்களூரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தில்லியில் தொடங்கி, ஆக்ராவில் தாஜ் மகாலைக் கண்டு, ரண்தம்போர்க் கோட்டையின் அடிவாரத்தில் புலியைத் தேடி, கஜுராகோ கோயில்களைப் பார்த்து, பாந்தவ்கர், கான்ஹா காடுகள் வரை சென்று திரும்புவது இன்று பலரும் விரும்பும் விடுமுறைப் பயணமாகும். பெங்களூரிலிருந்தும் குடும்பங்கள் இவ்வழியே செல்கின்றன. இரண்டு வாரங்களில் கலையையும் காட்டையும் ஒருங்கே காணும் இத்தகைய பயணம் அறிவை வளர்ப்பது. மனத்திற்கு இன்பம் தருவது.

ஆயினும் வளர்ச்சிப் பணிகளை ஆராய்வோர் இப்பயணத்தைப் பற்றி மூன்று வினாக்களை எழுப்பியாக வேண்டும். பயணி செலவிடும் பணம் யாரைச் சேர்கிறது? அதனால் காட்டிற்கு விளையும் நன்மை என்ன? காட்டின் ஓரத்தில் நிலம் உழுது, மாடு மேய்த்து வாழும் மக்களுக்கு மிஞ்சுவது என்ன? இவற்றுக்கான விடையில் ஒரு பகுதி வடக்கிலும் நடு இந்தியாவிலும் கிடைக்கிறது. மறு பகுதி பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 210 கிலோமீட்டர் தொலைவில், கபினி ஆற்றங்கரையில் கிடைக்கிறது.

வேட்டையிலிருந்து பாதுகாப்புக்கு

காட்டிற்குச் செல்லும் பயணம் புதியதன்று. ஆனால் அதன் நோக்கம் முன்னர் வேறாக இருந்தது. மன்னர்களும் ஆங்கில அதிகாரிகளும், விடுதலைக்குப் பின்னர் வெளிநாட்டுச் செல்வர்களும் வேட்டைக்காகவே காட்டிற்குச் சென்றனர். அந்நியச் செலாவணி கிடைக்கிறது என்பதால் வேட்டைச் சுற்றுலாவை ஆதரித்தவர்களும் இருந்தனர். 1970இல் புலி வேட்டை தடை செய்யப்பட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு நாட்டில் 1,827 புலிகளே உள்ளன எனக் காட்டிற்று. 1973 ஏப்ரல் 1ஆம் நாள் கார்பெட் பூங்காவில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது காடுகளில் கான்ஹாவும் ரண்தம்போரும் இருந்தன. கர்நாடகத்தின் பந்திப்பூரும் இருந்தது.

துப்பாக்கி சென்ற வழியில் தொலைநோக்கியும் ஒளிப்படக் கருவியும் சென்றன. விலங்கைக் கொல்லாமலே அதனால் வருவாய் ஈட்டலாம் என்ற எண்ணம் இவ்வாறு வேரூன்றியது.

வடக்கும் நடு இந்தியாவும்

நடு இந்தியக் காடுகள் கற்பிக்கும் பாடங்கள் இரண்டு. முதலாவது, அழிவின் விளிம்பிலிருந்தும் உயிரினங்களை மீட்க முடியும் என்பது. கான்ஹாவின் புல்வெளிகளில் வாழ்ந்துவந்த பாரசிங்கா மான்கள் 1970இல் 66 ஆகக் குறைந்துவிட்டன. புல்வெளிகள் காக்கப்பட்டன, ஊனுண்ணிகள் புக முடியாத வேலிக்குள் மான்கள் பெருக இடமளிக்கப்பட்டது. இன்று அவை நூற்றுக்கணக்கில் மேய்கின்றன. அதே வேளையில் அப்புல்வெளிகள் பெருகுவதற்காகப் பைகர், கோண்டர் முதலிய பழங்குடியினரின் ஊர்கள் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டன என்பதையும் மறத்தலாகாது. ஒரு மானினத்தின் மீட்சிக்கு ஒரு மக்கட் கூட்டம் விலை கொடுத்தது.

இரண்டாவது பாடம் கசப்பானது. பயணிகள் வந்து போவதாலேயே ஒரு காடு காக்கப்பட்டுவிடாது. தில்லிக்கு அண்மையில் உள்ள சரிஸ்காவில் 2005இல் ஒரு புலிகூட எஞ்சவில்லை என்பது தெரியவந்தது. கஜுராகோவை அடுத்த பன்னாவிலும் 2009இல் இதே நிலை நேர்ந்தது. காலடித் தடங்களை வைத்து எண்ணும் பழைய முறையில், இல்லாத புலிகளும் கணக்கில் இடம்பெற்றிருந்தன. பின்னர் ரண்தம்போரிலிருந்து சரிஸ்காவுக்கும், பாந்தவ்கர், கான்ஹாக் காடுகளிலிருந்து பன்னாவுக்கும் புலிகள் கொண்டு செல்லப்பட்டு, மீண்டும் பெருகலாயின.

இங்கே கர்நாடகத்தின் பங்கு குறிப்பிடத்தக்கது. ஒரு புலியின் உடல் வரிகள் மற்றொன்றின் வரிகளை ஒத்திருப்பதில்லை. இதனை அடிப்படையாகக் கொண்டு, தானியங்கி ஒளிப்படக் கருவிகளின் துணையால் புலிகளைக் கணக்கிடும் முறையை உல்லாஸ் காரந்த் 1990களில் நாகரஹொளெயில் வளர்த்தெடுத்தார். சரிஸ்காவுக்குப் பின்னர் நாடெங்கும் கணக்கெடுப்பு முறை மாற்றப்பட்டது. 2006இல் 1,411 என மதிப்பிடப்பட்ட புலிகளின் எண்ணிக்கை 2022இல் 3,682 ஆக உயர்ந்தது. இதில் மத்தியப் பிரதேசம் 785 புலிகளுடன் முதலிடத்தையும், கர்நாடகம் 563 புலிகளுடன் இரண்டாம் இடத்தையும் பெற்றன.

ஆகவே வனவிலங்கைக் காண விரும்பும் பெங்களூர்வாசி வடக்கே போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கலையும் காடும் ஒருங்கே வேண்டுவோருக்கும் கர்நாடகம் குறை வைக்கவில்லை. ஹம்பியின் இடிபாடுகளைக் கண்டவர், அருகே 1994இல் கரடிகளுக்கென ஒதுக்கப்பட்ட தரோஜிச் சரணாலயத்தையும் காணலாம். 2023இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட சோமநாதபுரம் கோயிலைக் கண்டவர் மைசூர் வழியே பந்திப்பூரை அடையலாம்.

கபினிக் கரையில் ஒரு முயற்சி

மைசூர் மன்னர்கள் காலத்தில் காகனகோட்டைக் காடுகள் யானை பிடிக்கும் கெட்டாவுக்குப் பெயர் பெற்றவை. கூட்டமாக யானைகளை வளைத்து அடைப்புக்குள் ஓட்டும் அம்முறை கடைசியாக 1971இல் நிகழ்ந்தது. பின்னர் எழுந்த கபினி அணையின் நீர் அக்காட்டின் பெரும் பகுதியை மூழ்கடித்தது. பல ஊர்களும் இடம்பெயர்ந்தன. எனினும் அந்நீரே புதியதொரு காட்சியையும் தந்தது. கோடையில் அணை நீர் வடியும்போது கரையில் இளம்புல் முளைக்கிறது. சுற்றிலுமுள்ள காடுகளில் குட்டைகள் வற்றிவிட்ட நிலையில், புல்லையும் நீரையும் நாடி யானைகள் நூற்றுக்கணக்கில் இங்கு வந்து கூடுகின்றன. ஆசிய யானைகள் இத்துணைப் பெருந்தொகையாகத் திரளும் இடங்கள் மிகச் சிலவே.

கர்நாடக அரசு 1980இல் ஜங்கிள் லாட்ஜஸ் அண்டு ரிசார்ட்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கியது. நேபாளத்தில் அனுபவம் பெற்றிருந்த டைகர் டாப்ஸ் நிறுவனம் தொடக்கத்தில் கூட்டாளியாக இருந்தது. பின்னர் முழுப் பொறுப்பும் அரசிடமே வந்தது. மன்னரின் பழைய வேட்டை மாளிகை அமைந்த காராப்பூரில் முதல் விடுதி உருவாயிற்று. வேட்டையைக் கைவிட்டுக் காவலராக மாறிய ஜான் வேக்ஃபீல்டு 2010இல் மறையும் வரை அதனுடன் இணைந்திருந்தார். காட்டுப் பயணத்தை அரசு நிறுவனமே ஏற்று நடத்தியதால் வண்டிகளின் எண்ணிக்கையையும் நேரத்தையும் வழித்தடத்தையும் வரையறுப்பது எளிதாயிற்று.

இம்முயற்சிக்கு அப்பால் நடந்த ஒரு நிகழ்ச்சியும் நினைவிற்கொள்ளத்தக்கது. நாகரஹொளெக் காட்டினுள்ளே ஒரு தனியார் விடுதி அமைய இருந்ததைத் தேன் எடுத்து வாழும் ஜேனு குருபர் உள்ளிட்ட பழங்குடியினர் எதிர்த்தனர். தங்களை வெளியேறச் சொல்லும் காட்டில் விருந்தினருக்கு மட்டும் எவ்வாறு இடம் கிடைக்கிறது என்பது அவர்கள் கேட்ட கேள்வி. 1997இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அத்திட்டம் சட்டத்திற்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர்களுக்கோ 2011இல் காட்டின் மீதான சமுதாய உரிமைகள் ஏற்பளிக்கப்பட்டன. அதே ஆண்டில்தான் அம்மலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. மக்களின் உரிமையும் விலங்கின் பாதுகாப்பும் ஒரே காட்டில் இயங்க முடியும் என்பதற்கு இது சான்று.

எவ்வளவு இடம், எத்தனை வண்டி?

ஒரு பேருந்தில் இத்தனை பேர் ஏறலாம் என்ற வரம்பு இருப்பது போலவே காட்டிற்கும் தாங்கும் அளவு உண்டு. புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவை உச்சநீதிமன்றம் 2012 ஜூலையில் தற்காலிகமாகத் தடை செய்தது. அக்டோபரில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறைகள் வெளியான பின்னர் அத்தடை நீங்கிற்று. மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்கு விடலாகாது, அங்குள்ள நிலையான விடுதிகள் படிப்படியாக அகற்றப்பட வேண்டும், சுற்றுலா விடுதிகளிடம் பாதுகாப்புக் கட்டணம் பெற்று அதனை உள்ளூர் மக்களின் வாழ்வுக்குச் செலவிட வேண்டும் என்பன அவற்றின் சாரம்.

யானை வழித்தடங்களைப் பொறுத்தவரை, நீலகிரியின் சீகூர்ப் பீடபூமியில் தமிழக அரசு 2010இல் அறிவித்த வழித்தடத்தை உச்சநீதிமன்றம் 2020இல் உறுதி செய்தது. வழியை அடைத்து நின்ற விடுதிகள் விலகவேண்டியதாயிற்று. பந்திப்பூர் வழியே செல்லும் நெடுஞ்சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து 2009 முதல் தடை செய்யப்பட்டது. வணிகருக்கு இழப்பு எனக் கூறி எதிர்ப்பு எழுந்தபோதும், வண்டியில் அடிபட்டு விலங்குகள் மடிவதைத் தடுக்க வேறு வழி காணப்படவில்லை.

2025 தந்த எச்சரிக்கை

2025 அக்டோபர், நவம்பர் மாதங்களில் மைசூர் மாவட்டத்தில் காட்டை அடுத்த ஊர்களில் புலி தாக்கி உழவர்கள் உயிரிழந்தனர். நவம்பர் 7ஆம் நாள் பந்திப்பூர், நாகரஹொளெக் காடுகளில் சஃபாரியை நிறுத்திவைக்கவும், அதில் ஈடுபட்ட ஊழியர்களைப் புலியைத் தேடும் பணிக்கு அனுப்பவும் மாநில வனத்துறை அமைச்சர் ஆணையிட்டார்.

சஃபாரி வண்டிகளே புலியைக் காட்டிலிருந்து விரட்டுகின்றன என்பது உழவர்களின் குற்றச்சாட்டு. வனவியலார் கூறும் காரணங்கள் பல: பெருகிய புலிகளுள் இளையவை தமக்கென எல்லை தேடி வெளியேறுவது, முதுமையாலும் காயத்தாலும் வலுவிழந்தவை ஓரத்திற்குத் தள்ளப்படுவது, எளிதில் கிடைக்கும் இரையாகக் கால்நடைகள் காட்டருகே மேய்வது, உண்ணிச் செடி படர்ந்து மானுக்கு உணவாகும் புல்லை அழிப்பது. இவற்றில் எது எவ்வளவு என்பது ஆய்ந்து முடிவு செய்யத்தக்கது. ஆனால் உழவரின் சினத்தில் வேறோர் உண்மை அடங்கியுள்ளது. ஒரே புலி, வண்டியில் அமர்ந்தவருக்குக் காட்சியாகவும் வயலில் நிற்பவருக்கு அச்சமாகவும் விளங்குகிறது. காட்சியின் வருவாய் ஒருவருக்கும் அச்சத்தின் இழப்பு மற்றொருவருக்கும் போகுமாயின், எந்தப் பாதுகாப்புத் திட்டமும் நெடுநாள் நிலைக்காது.

செய்யத்தக்கவை

மத்தியப் பிரதேசத்துப் பூங்காக்களில் ஒவ்வொரு வண்டியிலும் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் உடன் செல்கிறார். நுழைவு வருவாயில் ஒரு பங்கு சுற்றுப்புற ஊர்களின் சூழல் மேம்பாட்டுக் குழுக்களுக்கு அளிக்கப்படுகிறது. கேரளத்தின் பெரியாறு காப்பகம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அங்கே முன்பு திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்து விற்று வந்தவர்களே 1990களின் பிற்பகுதியில் பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினர். காட்டை அறிந்தவர் காட்டின் பகைவராக இருக்கவேண்டும் என்ற விதி ஏதுமில்லை.

இவ்வெடுத்துக்காட்டுகளிலிருந்து அலுவலர்கள் கொள்ளத்தக்கவை நான்கு. முதலாவதாக, சுற்றுலாவின் வருவாயில் ஊருக்குரிய பங்கு இவ்வளவு, அது இன்ன பணிக்குச் செலவாயிற்று என்பது ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்டப்பட வேண்டும். இரண்டாவதாக, பயிருக்கும் கால்நடைக்கும் உயிருக்கும் நேரும் இழப்புக்கு ஈட்டுத்தொகை, கேட்டவர் அலையாமல், காலத்தே கிடைக்க வேண்டும்; தாமதமாக வரும் ஈடு புலிக்கு வைக்கப்படும் நஞ்சுக்கு வழிகோலும். மூன்றாவதாக, ஓட்டுநர், வழிகாட்டி, விடுதிப் பணியாளர் ஆகிய வேலைகளில் காட்டோர இளைஞர்களுக்கு முதலிடம் தருதல் வேண்டும். நான்காவதாக, வண்டிகளின் எண்ணிக்கையைப் பயணிகளின் கூட்டம் தீர்மானிக்கலாகாது. காட்டின் நிலையே தீர்மானிக்க வேண்டும்.

மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. பெங்களூர்க்கு அருகிலுள்ள பன்னேருகட்டாவில் கம்பியிட்ட பேருந்தில் அமர்ந்து அடைப்பிலுள்ள புலியைக் காண்பது ஒரு தொடக்கமே. இயற்கையான காட்டில் புலி தோன்றும் என்ற உறுதி இல்லை. புள்ளிமானின் எச்சரிக்கைக் குரல், மரக்கிளையிலிருந்து எழும் மந்தியின் இருமல் ஒலி, ஈர மணலில் பதிந்த தடம் ஆகியவற்றைப் படிக்கக் கற்றவருக்குப் புலியைக் காணாத நாளும் வீண் நாளாகாது. புலியைக் காட்டியே தீர வேண்டும் என்று ஓட்டுநரை நெருக்காத பயணி, காட்டிற்கும் அந்த ஓட்டுநருக்கும் ஒருசேர நன்மை செய்கிறார்.

வடக்கே கான்ஹாவாயினும் தெற்கே கபினியாயினும் காடு காணும் பயணத்தின் பயனை அளக்கும் கோல் ஒன்றே. பயணி ஊர் திரும்பிய பின்னர் காட்டோர உழவர் அன்றிரவு எந்நிலையில் உறங்கச் செல்கிறார் என்பதே அது. அவர் தம் மாட்டுக்கும் பிள்ளைக்கும் அஞ்சாமல் உறங்கவும், காடு தமக்கும் உரியது என எண்ணவும் இயலுமாயின், புலியைக் காக்கும் காவலர் ஊருக்கு ஊர் தாமே உருவாவர்.