குழாயில் மருந்து இருக்கட்டும், மீன் தொட்டியில் வேண்டாம்

(கறம்பக்குடியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக நாம் சேமிப்பு, கடன், வசூல் என்றுதான் பேச ஆரம்பிப்போம். இன்றைக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசப் போகிறோம். ஆனால் இதுவும் கடனில் போய்த்தான் முடியும். எப்படி என்று கேளுங்கள்.

நம் குழுச் சகோதரி ஒருவர் உள்கடன் வாங்கி, வீட்டுக் கொல்லையில் வண்ண மீன் வளர்க்க ஆரம்பித்தார். கப்பி, மோலி எல்லாம் வாங்கி விட்டார். ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் தொட்டித் தண்ணீர் கலங்கி இருக்கிறதே என்று முழுவதையும் இறைத்துக் கொட்டிவிட்டு, குழாயிலிருந்து ஓஸ் போட்டு அப்படியே நிரப்பினார். மறுநாள் காலையில் மீன் எல்லாம் மிதந்தது. தவணை மட்டும் மிதக்கவில்லை, அது தலைமேல் நின்றது.

கோபத்தோடு எங்களிடம் வந்தார். "டேங்க் ஆபரேட்டர் பிளீச்சிங் பவுடரைக் கொட்டித்தான் என் மீன் செத்துச்சு. இனிமே மருந்து போடக்கூடாதுன்னு பஞ்சாயத்துக்கு மனு எழுதிக் குடுங்க" என்றார்.

மனு எழுதித் தரவில்லை. ஆனால் தப்பு எங்கள் மேல்தான் என்று ஒப்புக்கொண்டோம். மீன் வாங்குவது, தீனி போடுவது, விற்பது எல்லாம் பயிற்சியில் சொன்னோம். தண்ணீரை எப்படிப் பக்குவப்படுத்துவது என்று சொல்லவில்லை. அதை இன்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

மேல்நிலைத் தொட்டியில் ஏன் மருந்து போடுகிறார்கள்? பிளீச்சிங் பவுடரில் இருந்து வரும் குளோரின், வாந்திபேதி, வயிற்றுப்போக்கு, டைபாய்டு ஆகியவற்றைப் பரப்பும் கிருமிகளைக் கொல்லும். 1908-ல் அமெரிக்காவில் ஜெர்சி சிட்டி என்ற ஊரில் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்க ஆரம்பித்தார்கள். பிறகு உலகம் முழுக்க இந்த முறை பரவியது. குழாயில் வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுக் குடிநீர்த் தர விதி. வழியில் குழாய் உடைந்து சாக்கடை கலந்தாலும் ஓரளவு காப்பாற்றத்தான் அந்த மிச்சம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்து, கரண்டு இல்லாமல் தண்ணீருக்கு அலைந்தோமே, அந்த மாதிரி நேரத்தில் இந்த மருந்தின் அருமை தெரியும். மீனுக்காக அதை நிறுத்தச் சொன்னால் ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து.

நாம் குடித்தால் ஒன்றும் செய்யாத அதே குளோரின் மீனை ஏன் கொல்லுகிறது? நாம் தண்ணீரை வயிற்றுக்குள் குடிக்கிறோம். மீன் தண்ணீரைச் செவுள் வழியாக விட்டு மூச்சு வாங்குகிறது. குளோரின் அந்த மெல்லிய செவுளை அரித்துவிடும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து தவிக்கும். நமக்குப் போதாது என்று சொல்லும் அளவே மீனுக்கு அதிகம்.

ஆகவே மருந்து குழாயில் இருக்கட்டும், அதை நம் வீட்டில் எடுத்துவிடுவோம். வழி ரொம்பச் சுலபம்.

ஒன்று: குழாய்த் தண்ணீரை வாய் அகன்ற அண்டாவிலோ தொட்டியிலோ பிடித்து, மூடாமல், வெயில் படும் இடத்தில் 24 மணி நேரம் வையுங்கள். குளோரின் பறந்துவிடும். மூடிய கேனில், வாய் குறுகிய குடத்தில் வைத்தால் சீக்கிரம் போகாது. கொசு முட்டையிடாமல் இருக்க மெல்லிய துணியோ வலையோ கட்டுங்கள். நடுவில் இரண்டு மூன்று தடவை மொண்டு ஊற்றி ஆற்றினால் இன்னும் நல்லது.

இரண்டு: அவசரம் என்றால் சோடியம் தயோசல்பேட். பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் 'ஹைப்போ' என்பார்களே, அதுதான். கடையிலேயே 10 கிராம் எடை போட்டு வாங்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பாட்டிலில் பெயர் ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு இந்தக் கரைசல் 100 மில்லி. 15 லிட்டர் குடம் என்றால் ஏழு குடத்துக்கு 100 மில்லி. கலக்கிவிட்டால் சில நிமிடத்தில் குளோரின் முறிந்துவிடும். அன்றைக்குத்தான் மருந்து போட்டு வாடை கடுமையாக வந்தால், அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்து மறுநாள் பயன்படுத்துங்கள்.

மூன்று: எப்போதும் முழுத் தண்ணீரையும் மாற்றக்கூடாது. வாரத்துக்குக் கால் பங்கு போதும். மீன் கழிவை நஞ்சில்லாமல் மாற்றும் நல்ல கிருமிகள் தொட்டியில் இருக்கின்றன. வடிகட்டிப் பஞ்சைக் குழாயில் அலசினால் அவையும் செத்துவிடும். இறைத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். சித்திரை வெயிலில் குழாய்த் தண்ணீர் கொதிக்கும். சூடு ஆறிய பிறகே ஊற்றுங்கள்.

வெளிநாட்டில் உறவினர் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் குடிநீரில் குளோரமைன் என்ற வேறு வகை மருந்து சேர்க்கிறார்கள். அது ஒருநாள் திறந்து வைத்தாலும் போகாது. அங்கே மீன் வளர்ப்பவர்கள் அதற்கென்று விற்கும் மருந்தைத்தான் ஊற்றுவார்கள். அவர்கள் "தண்ணியத் தெறந்து வச்சா போகாது" என்று போனில் சொன்னால் குழம்ப வேண்டாம். அது அந்த ஊர்த் தண்ணீருக்கு.

போன கூட்டத்தில் ஒரு தங்கச்சி, "பையன் ஆமை வச்சிருக்கான், அதுக்கும் இதே தண்ணிதானா?" என்று கேட்டார். ஆமைக்கு நுரையீரல் உண்டு. அதனால் மீன் மாதிரி உடனே சாகாது. ஆனால் கண் எரியும், தொட்டியின் நல்ல கிருமிகளும் செத்துத் தண்ணீர் நாறும். ஆகவே அதற்கும் ஆற வைத்த தண்ணீர்தான் நல்லது. ஆனால் அதற்கு முன்னால், அது எந்த ஆமை என்று பாருங்கள். நம் குளத்து ஆமையையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். கண்ணோரம் சிவப்புக் கோடு உள்ள கடை ஆமை அமெரிக்காவைச் சேர்ந்தது. அலுத்துப்போய் அதைக் குளத்தில் விட்டால் நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். எந்த ஆமையைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி அதன் உடம்பில் இருக்கலாம். அந்தத் தொட்டியைப் பாத்திரம் கழுவும் இடத்தில் கழுவாதீர்கள்.

கடைசியாக ஒன்று. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சியும் பரிசோதனைப் பெட்டியும் தர வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஊரில் அது யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். அதில் குளோரின் சோதனை உண்டு. மருந்து விட்டதும் தண்ணீர் நிறம் மாறும். மீன் தொட்டிக்கு ஆற வைத்த தண்ணீரில் நிறம் வரக்கூடாது. குழாய்த் தண்ணீரில் கட்டாயம் வர வேண்டும். வராவிட்டால் அப்போது மனு எழுதுவோம். "மருந்து போடாதே" என்று இல்லை, "மருந்து ஏன் போடவில்லை?" என்று.

அந்தச் சகோதரி இப்போது மறுபடியும் மீன் விட்டிருக்கிறார். கொல்லையில் இரண்டு அண்டா திறந்தபடி ஆறிக்கொண்டிருக்கிறது. தவணையும் கட்டிக்கொண்டு வருகிறார். 1991-ல் அறிவொளி இயக்கத்தில் எழுத்தும் சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்களின் மாவட்டம் இது. ஒரு சொட்டு மருந்தில் தண்ணீரின் நிறம் பார்ப்பது நமக்குப் பெரிய காரியம் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தங்கள் தெருக் குழாயில் என்ன நிறம் வந்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.