பிறந்தது முதலே கடல் கடந்த தொழில்கள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



தொழில் தொடங்க விரும்பும் இளைஞர்கள் முதலில் வினவுவது முதலீட்டைப் பற்றியே. முதலீட்டுக்கும் முற்பட்ட தேவை ஒன்று உண்டு எனக் கூறும் ஓர் ஆராய்ச்சித் துறையை இன்று எடுத்துரைக்க விழைகின்றோம். அதனைப் பன்னாட்டுத் தொழில்முனைவு ஆராய்ச்சி என்பர். அதனை வளர்த்தோருள் முதன்மையானவர், அமெரிக்க நாட்டு இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய பட்ரிசியா மெக்டூகல் அம்மையார்.

அவருக்கு முன் நிலவிய கொள்கை யாது? சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக அறிஞர்கள் சாண்ட்விக், அட்லஸ் காப்கோ, ஃபேசிட், வால்வோ ஆகிய நான்கு நிறுவனங்களின் வரலாற்றை ஆராய்ந்து, 1975இல் ஒரு படிமுறையைக் காட்டினர். தொழில் முதலில் உள்நாட்டில் வேரூன்றும். பின்னர் முகவர் வாயிலாக அயல்நாட்டில் விற்கும். அதன்பின் அங்கே தன் விற்பனை நிலையத்தை நிறுவும். இறுதியில் ஆலை எழுப்பும். மொழியாலும் வழக்கத்தாலும் நெருங்கிய நாட்டுக்கே அது முதலில் செல்லும். அயற்சந்தையைப் பற்றிய அறிவு பட்டறிவால் சிறுகச் சிறுகவே சேரும் என்று யோஹான்சனும் வால்னேயும் 1977இல் இதற்குக் காரணம் கூறினர். சிறுதொழில் புரிவோனுக்கு இக்கொள்கை உரைக்கும் செய்தி, 'பெரியவனாகும் வரை பொறுத்திரு' என்பதே.

மெக்டூகல் அம்மையார் கண்டது வேறு. கணிப்பொறி, தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் புதுத் தொழில்களை அவர் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1989இல் வெளியிட்டார். அவற்றுள் சில, தோன்றிய சிறு காலத்திலேயே அயல்நாட்டில் விற்றுக்கொண்டிருந்தன. 1994இல் பெஞ்சமின் ஒவியாட் என்பாருடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை இத்துறைக்கே அடித்தளமாயிற்று. 2004இல் பத்தாண்டின் சிறந்த கட்டுரைக்குரிய விருதையும் பெற்றது. இத்தகு தொழில்கள் புதியனவல்ல என்பதற்கு, 1600இல் இலண்டனில் பட்டயம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனியையே அவர்கள் சான்று காட்டுகின்றனர். அரசியின் பட்டயத்தோடு பிறந்த கம்பெனியைக் கையூன்றி எழும் சிறுதொழிலுக்கு இணை வைப்பது நமக்கு முழு உடன்பாடன்று. அது நிற்க.

கட்டுரையின் உயிர்நாடி வேறிடத்தில் உள்ளது. புதுத் தொழிலுக்கு எல்லாவற்றையும் சொந்தமாக வைத்துக்கொள்ளும் வலிமை இல்லை. ஆகவே பிறர் ஆலையை, பிறர் கடையை, பிறர் நம்பிக்கையைப் பயன்கொள்கிறது. தனக்கெனக் காப்பது பிறரால் எளிதில் பின்பற்ற முடியாத அறிவு ஒன்றையே. அதே ஆண்டில், 24 தொழில்களைப் பற்றி ஸ்காட் ஷேனும் உடன்சேர்ந்து எழுதிய மற்றொரு கட்டுரை, அவற்றைத் தொடங்கியோர் பிறர் காணாத வாய்ப்பை எவ்வாறு கண்டனர் என்று ஆராய்ந்தது. முன்னைய படிப்பாலும் பணியாலும் அவர்கள் பெற்ற அறிவும் தொடர்பும் பின்புலமுமே அதற்குக் காரணம் என அது முடிவு கூறிற்று. 1981இல் சுவிட்சர்லாந்தில் தோன்றிய லாஜிடெக் நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். அதனைத் தொடங்கியோர் ஒரு சுவிஸ் நாட்டவரும் இரு இத்தாலியரும் ஆவர். அவர்களுள் டேனியல் போரெலும் சப்பகோஸ்டாவும் அமெரிக்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபோது நட்புற்றவர்கள்.

இங்கேதான் நாம் சற்று நின்று வினவ வேண்டியுள்ளது. தொடர்பு உடையோர் விரைந்து ஏறினர் என்றால், தலைமுறை தலைமுறையாகத் தொடர்பு மறுக்கப்பட்டோர் நிலை என்ன? இவ்வினாவின் அருகே பின்னர் வந்தவர்கள், வியப்பாக, அப்பழைய சுவீடன் அறிஞர்களே. யோஹான்சனும் வால்னேயும் 2009இல் தம் கொள்கையைத் திருத்தி எழுதினர். அயல்நாட்டான் என்னும் தடையைக் காட்டிலும், தொழிலுறவு வலைக்கு வெளியே நிற்பவன் என்னும் தடையே பெரிது என்றனர். வெளியே நிற்பது இன்னதென நமக்கு எவரும் பொருள் விளக்க வேண்டுவதில்லை. எனினும், அதனை ஒருவனது திறமைக் குறைவாகக் கொள்ளாது, அவன் நிற்கும் இடத்தின் குறையாகக் கண்டதனால் அத்திருத்தத்தை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

வலை பிறப்பினால் மட்டும் அமைவதன்று. உடன்பயின்றோராலும் உடனுழைத்தோராலும் அமைவது. ஆகவே அவையின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். நம்மிடம் பயின்று வெளியூர்களிலும் அயல்நாடுகளிலும் பணிபுரிவோரின் பட்டியல் ஒன்றைக் கழகம் தொகுத்தல் வேண்டும். அதில் பதவியும் முகவரியும் மட்டுமன்றி, அவர் எப்பொருளின் செய்முறை அறிந்தவர், எந்நாட்டு வணிகரோடு பழகியவர், ஓர் இளைஞனின் கடிதத்துக்கு மறுமொழி எழுத இசைவாரா என்பனவும் இடம்பெறல் வேண்டும்.