எவ்வளவு சொல்லலாம்?

(சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தலைமைப் பண்புகள்" என்று தலைப்புக் கொடுத்தார்கள். அது பெரிய கடல். அதில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் செட்டில் பலருக்கு இப்போது கீழே பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்கிறார்கள். நமக்கு உடம்பிலோ மனசிலோ வீட்டிலோ ஒரு கஷ்டம் வந்தால், அதை அவர்களிடம் எவ்வளவு சொல்லலாம்?

மேலதிகாரி வாயே திறக்கக் கூடாது என்பது பழைய நினைப்பு. எல்லாவற்றையும் கொட்டிவிடுவதுதான் நேர்மை என்று இப்போது சில பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. மேனேஜர் தன் குடும்பச் சண்டையை அரை மணி நேரம் சொன்னால், எதிரே இருக்கும் ஜூனியர் எழுந்து போக முடியுமா? ஆறுதல் சொல்லிவிட்டு, தான் கேட்க வந்த லீவைக் கேட்காமலே திரும்பிப் போவான்.

நம் ஊர்த் தலைவர்களை உதாரணம் சொன்னால் நடுவில் கட்சி வந்துவிடும். அதனால் அமெரிக்காவுக்குப் போய்விடுகிறேன். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921-ல், 39 வயதில், போலியோ என்று சொல்லப்பட்ட நோய் வந்து கால்கள் செயலிழந்தன. நோய் வந்தது நாடறிந்த விஷயம். ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பதைப் படமெடுக்க விடமாட்டார். காலில் இரும்புப் பட்டைகளைப் பூட்டிக்கொண்டு, மகன் கையைப் பிடித்தபடி நடப்பதுபோல் வருவார். ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கால் வராததால் எந்தக் கோப்பும் நிற்கவில்லை. அதே மனிதர் 1944 ஜூலையில் ஹவாயில் ராணுவ மருத்துவமனைக்குப் போனார். கை கால் இழந்த சிப்பாய்கள் படுத்திருந்த வார்டுகள் வழியாக, சக்கர நாற்காலியில் தன்னை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். அவர்கள் பார்க்கட்டும் என்றுதான்.

இதயம் வேறு கதை. 1944 மார்ச்சில் அவரைப் பரிசோதித்த மருத்துவர், இதயம் பலவீனமாகிவிட்டது, ரத்த அழுத்தம் மிக அதிகம் என்று கண்டார். வெளியே, வயதுக்கேற்ற நல்ல ஆரோக்கியம் என்றே சொல்லப்பட்டது. நவம்பரில் நான்காம் முறையாக ஜெயித்தார். 1945 ஏப்ரல் 12-ல் காலமானார். துணை ஜனாதிபதியாகி 82 நாளே ஆன ட்ரூமன் அந்த இடத்துக்கு வந்தார். அணுகுண்டு தயாராகிறது என்ற விஷயமே பதவியேற்ற பிறகுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. அதுவும் உலகப் போரின் நடுவில்!

இதையே சின்ன அளவில் நான் முன்பு வேலை பார்த்த ஒரு சைட்டில் பார்த்தேன். திட்ட மேலாளர் பைபாஸ் ஆபரேஷனுக்குப் போனார். எங்களுக்குச் சொன்னது "சார் லீவு" என்று. கான்கிரீட் மேஸ்திரிக்கு அவர் வாய்மொழியாக ஒத்துக்கொண்ட கூடுதல் ரேட் எந்த ஃபைலிலும் இல்லை. பில் நின்றது. பொங்கலுக்கு நாற்பது பேர் கையில் காசில்லாமல் ஊருக்குப் போனார்கள். "சார் எப்ப வருவாரு?" என்று மேஸ்திரி தினமும் வந்து கேட்பார், எங்களிடம் பதிலில்லை. நல்ல மனிதர்தான் அவர், எங்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பார். நெஞ்சுவலி எப்படி இருந்தது என்று எங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. இரண்டு மாதம் வரமாட்டேன், மேஸ்திரிக்கு ரேட் இது, பில்லில் இன்னார் கையெழுத்துப் போடுவார் என்று மூன்று வரி எழுதி வைத்திருந்தால் போதும்.

சமீபத்தில் ஒரு ஜூனியர் என்னிடம் கேட்டான்: "மனச்சோர்வுன்னு இருந்தா, சார்? சொன்னா புரமோஷன் போயிடுமே!" நியாயமான பயம். நோயின் பேரைச் சொல்லு என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. எத்தனை நாள் வரமாட்டாய், வேலையை யார் பார்ப்பது, இதை மட்டும் சொல் என்றேன். மற்றதைப் பேச, கீழே வேலை செய்பவன் வேண்டாம். அதற்கு ஹாஸ்டல் ரூம்மேட் இருக்கிறான். என் ரூம்மேட் அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எத்தனை ராத்திரி என் போனை எடுத்தான் என்று சாப்பாட்டு நேரத்தில் அவனைக் கேளுங்கள். சொல்லமாட்டான்.